டீமேக்கரின் காந்தப் பட்டி

குறிப்பு போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. முப்பத்து நான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்ததால் வந்த பழக்கம். டீமேக்கர் ஞானமுத்துவின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் ஸ்டெல்லா கேட்டபோது, முதலில் ஒரு தாளில் இப்படி எழுதினேன்:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் காந்தத்தை நம்பியதற்கான காரணம்.
3. என் நாய்க்கு அவர் செய்த வைத்தியமும், அவருக்குத் தெரியாமல் நான் செய்த பரிசோதனையும்.
4. அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக அந்தப் பரிசோதனையின் முடிவை நான் மறைத்தது, அதனால் நேர்ந்தது.
5. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது.

இந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நீளம் அதிகம் என்றால் ஸ்டெல்லா எதை வேண்டுமானாலும் வெட்டலாம். நான்காவதை மட்டும் வெட்டாமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ரொட்டி விற்கும் பாண்காரர் ரவி. ஹாலிஎலயிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மூன்றாவது வளைவில் என் வீடு இருக்கிறது. பாதையிலிருந்து வாசலுக்குப் பதினான்கு படிகள். தினமும் காலையில் அவருடைய முச்சக்கர வண்டி வளைவில் நிற்கும். நான் படி இறங்கி முடிக்கும்வரை, ஆட்களைக் கூப்பிடும் வண்டியின் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அன்று அவர் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“மாஸ்டர், டீமேக்கர் ஐயா செத்துப் போயிட்டாராம். பண்டாரவளையில, மக வீட்டுல. சர்ச்சுல சொன்னாங்க.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நான்கைந்து படி ஏறியிருப்பேன். பின்னால் ரவியின் குரல் கேட்டது. “மாஸ்டர், பாணை வாங்காம போறீங்களே!” அவரே மேலே ஏறி வந்து பாணை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணி பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனேன். பெட்டியின் அருகில் நின்றிருந்த ஸ்டெல்லா என்னைக் கண்டதும் அழவில்லை. ஏதோ கேட்க வேண்டியதை மறந்துவிடக்கூடாது என்பது போல நேராகக் கேட்டார். “அங்கிள், ஜிம்மி படி ஏறுதா? கடைசி வாரம் பூரா அப்பா அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. போன் பண்ணிக் கேளுன்னாரு. எனக்குத்தான் நேரமே கெடைக்கல.”

“ஏறுதும்மா,” என்றேன். ஜிம்மி என்னுடைய நாய்.

இனி அவருடைய காந்தம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் முப்பது வருடத்துக்கு மேல், கொழுந்து தூளாகும்வரை எல்லாவற்றையும் மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தூளைச் சலித்துப் பிரிக்கிற இடத்தில் காந்தம் வைத்திருப்பார்கள். இயந்திரத்திலிருந்து உதிரும் துரு, கம்பித் துண்டு, எப்போதாவது ஓர் ஆணி, எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். அவர் ஓய்வுபெறும் காலத்தில் புதிய காந்தங்கள் வந்தன. பழையவற்றை வீசப் போனார்கள். அவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு வாங்கி, ஒரு சீமெந்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீசுவது பாவம் என்றுதான் எடுத்து வந்ததாகவும், எதற்கு என்று அப்போது தனக்கே தெரியாது என்றும் பிற்பாடு சொன்னார்.

அந்த வாரமே தொழிற்சாலைக் காவல்காரரின் நாயை மோட்டார் சைக்கிள் ஒன்று தட்டிவிட்டது. ஒரு பழைய பிளனல் துணியில் பை தைத்து, இரண்டு காந்தத்தை உள்ளே வைத்து டீமேக்கர் அதன் இடுப்பில் பட்டியாகக் கட்டினார். பத்து நாளில் நாய் நடந்தது. “அதோட முடிஞ்சுது மாஸ்டர் என்னோட ரெஸ்ட்,” என்பார். ஹாலிஎல கடைவீதியிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்தும் நாய்கள், பூனைகள், ஒருமுறை கால் வீங்கிய சேவல்கூட வந்தது. யாரிடமும் ஒரு சதக் காசுகூட வாங்கியதில்லை.

காந்தம் எப்படி வேலை செய்கிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

“இரத்தத்துல இரும்பு இருக்கா இல்லையா மாஸ்டர்?”

“இருக்கு. ஆனா…”

“இருக்குல்ல? அவ்வளவுதான். தூள்ல கெடக்கிற துருவையே இழுக்கிற காந்தம் ரத்தத்த இழுக்காதா? நொந்த எடத்துக்கு ரத்தம் வந்தாத்தானே ஆறும்?”

இரத்தத்தில் உள்ள இரும்பு இரும்புத்தூள் போன்றது அல்ல. இப்படிப்பட்ட காந்தம் அதை இழுத்து ஓரிடத்தில் சேர்க்காது. என் மாணவர்களுக்கு இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். ஆனால் என்னுடைய ‘ஆனா’வை அவர் ஒருநாளும் முடிக்க விட்டதில்லை. முடிக்க நானும் பெரிதாக முயலவில்லை.

கடைக்கார சரோஜாவின் பூனைக்கு முன்னங்கால் வீங்கியபோது, டீமேக்கர் காந்தம் வைத்த கழுத்துப்பட்டி கட்டிவிட்டார். மறுநாள் சரோஜா பாதையிலேயே அவரை மறித்துக்கொண்டார். “ஐயா, காலுக்கு வைத்தியம் கேட்டா நீங்க என்னா பண்ணிவச்சிருக்கீங்க? பால்மா டின் மூடியக் கழுத்துல ஒட்டிக்கிட்டு வீடு பூரா ஓடுது! டங்கு டங்குன்னு சத்தம். என் மாமியா பேய்ன்னு கத்துறா!”

“அப்ப காந்தம் நல்ல காந்தம்தான்,” என்றார் டீமேக்கர்.

“நல்ல காந்தம்னா மாமியாவையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

பாதையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பூனையின் கால் ஆறியது. பூனைக் கால்கள் பெரும்பாலும் தாமாகவே ஆறும் என்பதை அன்றும் நான் சொல்லவில்லை.

ஜிம்மிக்குப் பத்து வயதானபோது பின்கால்கள் இரண்டும் விறைக்கத் தொடங்கின. பதுளையில் மிருக வைத்தியர் மூட்டு வாதம் என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்தார், உடம்பைக் குறைக்கச் சொன்னார். அப்போது என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாயைப் பற்றிக் கேள்விப்பட்டு டீமேக்கர் தாமாகவே வந்தார். மாலை நான்கு மணி. நாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னடா ஜிம்மி, பென்சன் எடுத்துட்டியா? மாஸ்டருக்குப் பென்சன் இருக்கு, ஒக்காந்து சாப்பிடுறாரு. எனக்கே இல்ல, ஒனக்கு எதுக்குடா? எந்திரி.”

அவர் பட்டியை உடனே கட்டமாட்டார். முதலில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நாயின் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்குவார். தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பதம் சொன்ன கை அது. ஓரிடத்தில் நிற்கும். “இங்கதான்,” என்பார். “பேசத் தெரியாத சீவன்கிட்ட நோவு எங்கேன்னு கையாலதான் மாஸ்டர் கேக்கணும். அவசரப்பட்டுக் கேட்டா அது பொய் சொல்லும்.” வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம், பிறகு அரை மணி நேரம் உருவிவிடுவது, பிறகு பட்டி. பட்டியோடு நாயைப் பாதையில் அடுத்த வளைவுவரை மிக மெதுவாக நடத்திக் கூட்டிவருவார். காந்தம் சேர்த்த இரத்தத்தைக் காலுக்கு அனுப்புவதற்காம். பட்டியை அவிழ்த்து என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தேநீர் குடித்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு ஆறு மணிக்குப் போவார். மழை நாளிலும் தவறியதில்லை.

ஜிம்மி எத்தனை படி தானாக ஏறுகிறது என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவந்தேன். தொடங்கும்போது மூன்று. இரண்டு மாதத்தில் ஒன்பது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காரணம் தெரியாத சந்தோஷத்தில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. காந்தத்தைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் சக்தி போய்விடும் என்பது நானே வருடா வருடம் நடத்திய பாடம். ஒரு காலையில் பட்டியின் தையலைப் பிரித்து, நான்கு காந்தங்களையும் விறகடுப்பின் தணலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைத்தேன். ஒன்று வெடித்துப் பிளந்தது; மற்றவை தாங்கின. ஆறிய பிறகு ஒரு குண்டூசியைக் காட்டினேன், ஒட்டவில்லை. வெடித்ததை நூலால் இறுகச் சுற்றி, நான்கையும் பழையபடியே வைத்துத் தைத்தேன். என் தையல் மோசமானது. மாலையில் அவர் வழக்கம்போல் பட்டியை எடுத்துக் கட்டினார். அவர் கவனிக்கவில்லை. சந்தேகப்படும் பழக்கம் அவரிடம் இல்லை; என்னைச் சந்தேகிப்பார் என்றும் நான் நினைக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் ஜிம்மி பதினொரு படி ஏறியது. ஒருநாள் பதினான்கையும் ஏறி வாசலில் நின்று குரைத்தது.

கொப்பியில் முடிவை எழுதினேன். காந்தத்தால் பயனில்லை. ஒத்தடம், உருவல், நடை, இவற்றால் பயன் உண்டு. ஒரு நாயை வைத்துச் செய்த பரிசோதனை பெரிய பரிசோதனை அல்ல என்றும் அடியில் எழுதினேன். பிறகு கொப்பியை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். அவரிடம் சொல்லவில்லை.

இப்போது நான்காவது குறிப்புக்கு வந்திருக்கிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று தாள்களைக் கசக்கிவிட்டேன்.

கீழ் லயத்தில், கடைசி அறையில் இருக்கும் ரஞ்சிதத்தை உங்களில் பலருக்குத் தெரியும். கொழுந்து பறிக்கிறவர், தனியாக இருப்பவர். டைகர் என்ற நாய் அவரோடு மலைக்குப் போய், அவரோடு திரும்பி வரும். ஒரு மாலையில் அவர் அந்த நாயைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார், டீமேக்கர் நான்கு மணிக்கு இங்கேதான் இருப்பார் என்று.

“ஐயா, மூனு நாளா எந்திரிக்க மாட்டேங்குதுங்க. பின்னங்கால இழுக்குது. சோறும் திங்கல.”

டீமேக்கர் கையை வைத்துக் கண்ணை மூடினார். “சூடா கொதிக்குதே,” என்றார். கை இன்னும் சிறிது நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “இடுப்புல ரத்தம் கட்டிக்கிச்சு போல. பெரிய பட்டியாக் கட்டுவோம். ஜிம்மியைப் பாரு, எப்படி ஏறுதுன்னு. மாஸ்டரையே கேளு.”

ரஞ்சிதம் என்னைப் பார்த்தார். “ஆமாங்களா மாஸ்டர்?”

நான் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளையாக இருந்தது. காதுக்குள் உண்ணிகள். சாக்கில் பட்டிருந்த சிறுநீர் தேநீர்ச் சாயம் போல இருந்தது. ஜிம்மிக்கு நான்கு வயதில் இதே அடையாளங்களோடு உண்ணிக் காய்ச்சல் வந்து, பதுளையில் மருந்து கொடுத்துப் பிழைத்தது. எனவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, “ஜிம்மிக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றேன். நான் சொன்ன வார்த்தை பொய்யில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

மறுநாள் ஒரு தாளில் எழுதினேன்: ‘இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவும். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.’ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் பாதிவரை போனேன். கீழே அறைக்குள்ளிருந்து டீமேக்கரின் குரல் கேட்டது. “நாளைக்கு எந்திரிச்சு ஒன் பின்னாலயே மலைக்கு ஓடியாரும் பாரு.” நான் திரும்பி ஏறிவிட்டேன். அந்தத் தாளை அவர் முன்னால் நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து டைகர் இறந்தது. ரஞ்சிதம் பட்டியைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து டீமேக்கரிடம் கொடுத்தார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. “ஒங்களுக்கும் வீண் அலைச்சல்ங்க ஐயா,” என்றார்.

டீமேக்கர் அந்தப் பட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “சூடா இருந்துச்சு மாஸ்டர்,” என்றார் திரும்பத் திரும்ப. “கைக்குத் தெரிஞ்சுது. நான்தான் கேக்கல.” பிறகு கேட்டார்: “ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க சயன்ஸ் படிச்சவங்க. இந்தக் காந்தத்துல ஏதாவது இருக்கா, இல்லையா?”

கொப்பி இருந்த மேசை அவருக்கு எதிரில்தான் இருந்தது.

“உறுதியாச் சொல்ல முடியாது,” என்றேன்.

“அப்ப பாதிக்குப் பாதின்னு வச்சுக்கலாமா?”

நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

“பாதி இருந்தா அந்த நாய் பாதியாவது பொழச்சிருக்கணுமே,” என்றார். சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது, சிரிப்பில்லை.

அதன் பிறகு எங்கிருந்தோ ஒரு குட்டி நாயைத் தேடிப் பிடித்து, துணியில் சுற்றி, ரஞ்சிதத்திடம் கொண்டுபோனார். ரஞ்சிதம் அதைக் கையில் வாங்கித் தடவிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். “வேணாங்கய்யா. இதையும் சாகக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல.” அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை என்று டீமேக்கரே என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றும் சொன்னார்.

அன்றோடு வைத்தியத்தை நிறுத்திவிட்டார். பட்டிகள் எல்லாவற்றையும் பிரித்து, காந்தங்களை அதே சீமெந்துப் பையில் போட்டுத் தொழிற்சாலைக் குப்பையில் கொட்டினார். என் வீட்டு ஆணியில் இருந்ததை மட்டும் கேட்கவில்லை. ஜிம்மியை மட்டுமாவது தொடர்ந்து பாருங்கள் என்று கேட்டேன். “வேணாம் மாஸ்டர், நல்லா இருக்கிறதக் கெடுத்துருவேன்,” என்றார். நாய் போய் அவர் முழங்காலில் தன் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அவர் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். நாய் அவர் முகத்தைப் பார்க்கும். அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

நான் எழுதி மூடிவைத்த முடிவில் இரண்டு பாதிகள் இருந்தன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காந்தம் ஒன்றும் செய்யவில்லை என்பது ஒரு பாதி. அவர் கை எல்லாவற்றையும் செய்தது என்பது மற்றப் பாதி. முதல் பாதி அவரை நோகச் செய்யும் என்று பயந்து, அவரைப் பெருமைப்படுத்தியிருக்கக்கூடிய இரண்டாவது பாதியையும் சேர்த்து மறைத்தேன். அதைக் கேட்டிருந்தால் டைகரின் மேல் வைத்த கை ‘சூடு’ என்று சொன்னபோது அவர் அந்தக் கையை நம்பியிருப்பார். வண்டி பிடித்துப் பதுளைக்குப் போயிருப்போம். டைகர் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு இடத்தில் அந்த வாக்கியத்தை நான் நேர்மையாகவே எழுதுகிறேன்.

ரஞ்சிதம், இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். உங்கள் நாய் சாகும்படி விட்டவர் டீமேக்கர் அல்ல. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முழங்கால் அவரைப் பாதை ஏற விடாமல் செய்தபோது ஸ்டெல்லா வந்து பண்டாரவளைக்குக் கூட்டிப்போனார். அது ஆறு மாதத்துக்கு முன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பேரப்பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். அவர் நன்றாகப் பேசினார். கொப்பியை வெளியே எடுக்காமலே கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது கண்ணை மூடிக்கொண்டு கையால் கேட்கும் அந்த முறை. இப்போது நான்கு மணிக்கு நான் தரையில் உட்கார்ந்து ஜிம்மியின் முதுகில் கை வைக்கிறேன். எனக்கு அவ்வளவு தெரியாது. அவசரப்படுகிறேன், நாயும் பொய் சொல்கிறது. ஆனாலும் சில நாளில் ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது. இதற்குமேல் ஒன்றும் எழுதுவதற்கில்லை என்று நினைத்து, தொடக்கத்தில் போட்ட குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிழை இருக்கிறது.

‘அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக’ என்று நான்காவதில் எழுதியிருக்கிறேன். மேலே மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறேன். அது சரியல்ல. அவர் மனம் நோகும் என்பதை நான் அவ்வளவாக நினைக்கவே இல்லை. காந்தத்தால் பயனில்லை என்று தெரிந்தால், ஒத்தடமும் உருவலும் நீங்களே செய்துகொள்ளுங்கள் மாஸ்டர் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு நான்கு மணிக்கு என் படியில் யாரும் ஏறி வரமாட்டார்கள். நான் பயந்தது அதற்குத்தான். மனைவி போன பிறகு அந்த வீட்டுக்குள் குரல் என்று வந்தது அவருடையது ஒன்றுதான்.

அந்தப் பயமும் பிழை. பட்டிகளைக் கொட்டிவிட்ட பிறகும், நாயைத் தொடாமல், கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏழு மாதம் ஒருநாள் தவறாமல் அவர் நான்கு மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்.